பேசாதவர்களுக்குரிய ஐந்து மதிப்பெண்

சில ஆண்டுகளுக்கு முன்பு, ஒரு பருவத்தின் கடைசி வேலைநாளன்று மாலை, ஆசிரியர் அறையில் எல்லோரும் கிளம்பிப் போன பிறகு, அகமதிப்பீட்டுப் படிவத்தை மேசைமேல் விரித்து வைத்துக்கொண்டு தனியாக உட்கார்ந்திருந்தேன். நான் பொருளியல் கற்பிப்பவன். எங்கள் கல்லூரியில் ஒரு தாளுக்குரிய 100 மதிப்பெண்ணில் 75 பல்கலைக்கழகத் தேர்வுக்கும் 25 அகமதிப்பீட்டுக்கும் உரியவை. அந்த 25க்குள் ஐந்தை வகுப்பறைப் பங்கேற்புக்கென்று எங்கள் துறையில் ஒதுக்கி வைத்திருந்தோம். தேர்வு மதிப்பெண்களும் ஒப்படைப்பு மதிப்பெண்களும் முன்பே நிரப்பப்பட்டுவிட்டன. பங்கேற்புப் பத்தி மட்டும் மேலிருந்து கீழ்வரை காலியாகக் கிடந்தது.

பெயரைப் படிப்பேன், முகத்தை நினைப்பேன், எண்ணை எழுதுவேன். எழுந்து எழுந்து பதில் சொன்னவர்களுக்கு ஐந்து, அவ்வப்போது பேசியவர்களுக்கு நான்கு, பெயரைச் சொன்னால் முகம் வருகிறவர்களுக்கு மூன்று என்று கை தானாகவே ஓடியது. மூன்று பெயர்களுக்கு முகமே வரவில்லை. பருவம் முழுவதும் என் எதிரில் உட்கார்ந்திருந்த பிள்ளைகள் அவர்கள். மூவருக்கும் இரண்டு போட்டேன். அது எங்கிருந்து வந்த இரண்டு என்று அப்போது யாராவது கேட்டிருந்தால் என்னிடம் பதில் இருந்திருக்காது.

பட்டியல் அறிவிப்புப் பலகைக்குப் போன மறுநாள், அந்த மூவரில் ஒருத்தி ஆசிரியர் அறை வாசலில் வந்து நின்றாள். உள்ளே வரலாமா என்று கேட்டதுகூட அவளுடன் வந்த தோழிதான். "சார், நான் ஒரு வகுப்பும் விடவில்லை" என்று மட்டும் சொல்லிவிட்டு, கையிலிருந்த நோட்டை மேசைமேல் வைத்தாள். வாதாடுவதற்கு அவளிடம் இருந்தது அந்த நோட்டு ஒன்றுதான். புரட்டிப் பார்த்தேன். பாடக்குறிப்பு எல்லோருடையதும் போலத்தான் இருந்தது. ஆனால் ஓரத்தில், பென்சிலில், நான் வகுப்பைப் பார்த்துக் கேட்ட கேள்விகள் ஒவ்வொன்றும் எழுதப்பட்டு, அதற்கு அவளுடைய பதிலும் எழுதப்பட்டிருந்தது. முன்வரிசைப் பையன் ஒருவன் எழுந்து சொல்லி நானும் சரி என்று தலையாட்டிவிட்ட ஒரு பதிலுக்கு நேரே, அவள் சின்னதாக ஒரு கேள்விக்குறி போட்டிருந்தாள். அந்தக் கேள்விக்குறிதான் சரி. அவன் சொன்னதும் நான் தலையாட்டியதும் தவறு.

படிவம் அதற்குள் அலுவலகத்துக்குப் போய்விட்டது. அதைத் திருப்பி வாங்க நான் எடுத்த முயற்சி பலிக்கவில்லை; நான் போதுமான அளவு முயன்றேனா என்பதிலும் இன்றுவரை எனக்கு ஐயம் உண்டு.

பங்கேற்பு மதிப்பெண் என்ற பெயரில் நாம் பெரும்பாலும் நம் ஞாபகத்தைத்தான் மதிப்பிட்டுக்கொண்டிருக்கிறோம் என்பது அந்த நோட்டைப் புரட்டிய பிறகே எனக்கு உறைத்தது. யாருடைய குரல் என் காதில் தங்கியதோ அவருக்கு மதிப்பெண். குரல் தங்குவதற்கோ ஆயிரம் காரணங்கள் உண்டு: முன்வரிசையில் உட்காருவது, ஆண்பிள்ளைகள் பக்கம் என் பார்வை கூடுதலாகத் திரும்புவது, ஊர்க்காரர் மகன் என்று பெயர் முன்பே தெரிந்திருப்பது. பொருளியல் அறிவுக்கும் இவற்றுக்கும் யாதொரு தொடர்பும் இல்லை.

கூச்சம் என்று ஒரே சொல்லில் நாம் அடைக்கிற மௌனத்துக்குள் பலவகை மௌனங்கள் இருக்கின்றன. அவற்றில் ஒன்று எங்கள் கன்னியாகுமரி மாவட்டத்துக்கே உரியது என்று நினைக்கிறேன். தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்கள் திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து பிரிந்து 1956 நவம்பர் 1 அன்று இந்தப் பக்கம் சேர்ந்தபோது, ஒவ்வொன்றும் தன் பேச்சையும் கொண்டுவந்தது. தோவாளைக்காரர் பேச்சும் களியக்காவிளைக்காரர் பேச்சும் ஒரே வகுப்பில் உட்காரும்போது யாருக்காவது சிரிப்பு வந்துவிடுகிறது. ஒருமுறை, மேற்குப் பக்கத்திலிருந்து வந்த ஒரு மாணவனிடம் முந்தைய நாள் பாடத்திலிருந்து கேள்வி கேட்டேன். "ஓர்மை இல்லை சார்" என்றான். நாகர்கோவில் பிள்ளைகள் இருந்த பெஞ்சில் சிரிப்பு கிளம்பியது. என் தாயார் வீட்டில் இன்றைக்கும் நினைவுக்கு ஓர்மை என்றுதான் சொல்கிறார். ஓர்தல் என்ற பழைய வினையிலிருந்து வந்த நல்ல சொல் அது என்று தமிழ்த்துறை நண்பர் பின்னர் சொன்னார். இருந்தும் அன்று நானும் சிரித்தேன். அந்தப் பையன் அந்தப் பருவம் முழுவதும் அதற்குப் பிறகு வாய் திறக்கவில்லை. அவனுடைய பங்கேற்பு மதிப்பெண்ணைக் குறைத்தவர் யார் என்று கணக்குப் பார்த்தால் என் பெயரும் அதில் வரும்.

இன்னொருவன் குலசேகரம் பக்கத்திலிருந்து வருபவன். விடியும் முன்பே தந்தையோடு ரப்பர் பால் வெட்டப் போவான். குளிர்ந்த நேரத்தில்தான் பால் நன்றாக ஓடும் என்பதால் அந்த வேலையைத் தள்ளிப்போட முடியாது. சிரட்டையில் வடிந்த பாலை எடுத்து ஊற்றிவிட்டு, பேருந்தைப் பிடித்து, முதல் மணிநேரத்தில் என் முன்னால் அவன் உட்காரும்போது கண் சொருகும். அதை அக்கறையின்மை என்று எடுத்துக்கொண்டிருந்தேன்.

திக்குவாய் உள்ள மாணவன் ஒருவனைத் தனியே அழைத்து, உனக்கு எது வசதி என்று கேட்டபோது, பேசுவதிலிருந்து விலக்குக் கேட்பான் என்று எதிர்பார்த்தேன். அவன் கேட்டது வேறு. "நான் சொல்லிக்கொண்டிருக்கும்போது யாரும் வாக்கியத்தை முடித்துத் தர வேண்டாம் சார்" என்றான். முடித்துக் கொடுத்துக்கொண்டிருந்தது வேறு யாருமல்ல, நான்தான். உதவி செய்வதாக எண்ணிக்கொண்டிருந்தேன்.

படிக்காமல் வந்து மௌனமாக இருப்பவரும் உண்டு. எல்லா மௌனத்துக்குள்ளும் முத்து இருக்கிறது என்று நான் சொல்ல வரவில்லை. வெளியிலிருந்து பார்க்க எல்லா மௌனமும் ஒன்றுபோலவே இருக்கிறது என்பதுதான் சிக்கல். பிரித்தறிய வழி ஏற்படுத்தாமல் மதிப்பெண் போடுவது கண்ணைக் கட்டிக்கொண்டு தராசு பிடிப்பதாகும்.

நான் முதலில் செய்த திருத்தம் செலவே இல்லாதது: கேள்வி கேட்டபின் காத்திருப்பது. மேரி பட் ரோ என்ற அமெரிக்கக் கல்வியாளர் 1970களில் வகுப்பறை ஒலிப்பதிவுகளை ஆராய்ந்து, ஆசிரியர்கள் கேள்வி கேட்டுவிட்டுப் பதிலுக்காகச் சராசரியாக ஒரு நொடிதான் காத்திருக்கிறார்கள் என்று கண்டார். அதை மூன்று நொடிக்கு நீட்டியபோது பதில்கள் நீண்டன, வழக்கமாகப் பேசாத பிள்ளைகளும் முன்வந்தனர், பதில் இல்லாமல் போவது குறைந்தது. மூன்று நொடி என்று எழுதுவது எளிது. வகுப்பில் நின்று பார்த்தால் அது ஒரு யுகம். மின்விசிறிச் சத்தம் கேட்கும், சாலையில் போகும் பேருந்தின் ஹாரன் கேட்கும், யாரோ பேனாவைக் கீழே போடுவார், நமக்கே அவமானமாக இருக்கும். நான் அந்த நேரத்தில் கரும்பலகையின் ஒரு மூலையைத் தேவையில்லாமல் துடைக்கப் பழகிக்கொண்டேன். துடைத்துவிட்டுத் திரும்பும்போது, வழக்கமான கைகளோடு புதிதாக ஒன்றிரண்டு கைகள் பாதி உயர்ந்து நிற்பதைப் பார்த்திருக்கிறேன். அந்தப் பாதிக் கைகளை முதலில் அழைப்பது என்று வைத்துக்கொண்டேன்.

இரண்டாவது திருத்தம் துண்டுத்தாள். வாரத்தில் ஒரு நாள், பாடம் முடிய ஏழெட்டு நிமிடம் இருக்கும்போது, ஒரு கேள்வியைக் கரும்பலகையில் எழுதிவிட்டு, நோட்டுத் தாளில் கால்வாசியைக் கிழித்து அதில் பெயரும் பதிலும் எழுதித் தரச் சொல்வேன். தெரியவில்லை என்றால் எது தெரியவில்லை என்று எழுதலாம். அதற்கும் கணக்கு உண்டு.

நுண்ணினப் பொருளியலில் அளிப்பு, அதாவது விற்பனைக்கு வரும் சரக்கின் அளவு, பற்றி நடத்திய வாரத்தில், மீன்பிடித் தடைக்காலத்தில் மீன் விலைக்கு என்ன ஆகும் என்று கேட்டேன். வாயால் வந்த பதில் உடனடியாக வந்தது: அளிப்பு குறையும், விலை ஏறும். பாடநூல்படி சரிதான். துண்டுத்தாள்களைப் பேருந்தில் உட்கார்ந்து படித்தபோது, கடற்கரை ஊரிலிருந்து வரும் ஒரு மாணவி எழுதியிருந்ததைக் கண்டேன். அவள் வகுப்பில் பேசி நான் கேட்டதில்லை. ஒரு மாவட்டத்துக்கு ஒரே அளிப்புக் கோடு வரைய முடியாது என்று தொடங்கியிருந்தாள். சின்னமுட்டத்து விசைப்படகுகளுக்குக் கிழக்குக் கடற்கரைக் கணக்கில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடை. குளச்சல், முட்டம் பக்கத்துப் படகுகளுக்கு மேற்குக் கடற்கரைக் கணக்கில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை தடை. ஆகவே ஏப்ரலிலும் மே மாதத்திலும் ஒரு பக்கம் நின்றாலும் மறு பக்கம் ஓடுகிறது. இரண்டு பக்கமும் ஒன்றாக நிற்பது ஜூன் முதல் இரண்டு வாரம் மட்டுமே. நாட்டுப் படகுகளான வள்ளங்களுக்குத் தடை இல்லை என்பதையும் சேர்த்திருந்தாள். கடைசி வரி: "அந்த இரண்டு வாரம் அம்மா ஏலத்தில் மீன் எடுப்பதற்கு முன்பு இரண்டு தடவை யோசிப்பார்."

மறுநாள் அந்தத் தாளைப் பெயர் சொல்லாமல் வாசித்துவிட்டு, அளிப்புக் கோட்டை மாதவாரியாக வரையச் சொன்னேன். வகுப்பு அரைமணி நேரம் சண்டை போட்டது. அவள் அப்போதும் பேசவில்லை. ஆனால் அந்த அரைமணி நேரத்தை நடத்தியவள் அவள்தான். அதைப் பங்கேற்பு என்று சொல்லாவிட்டால் வேறு எதைச் சொல்வது?

இந்த இடத்தில் என் தமிழ்த்துறை நண்பர் நன்னூலைக் கொண்டுவந்தார். 13ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் இயற்றிய அந்த இலக்கண நூலின் பொதுப்பாயிரத்தில் மாணாக்கரைத் தரம் பிரிக்கும் பகுதி ஒன்று உண்டு. அன்னமும் பசுவும் தலைமாணாக்கருக்கு உவமை. மண்ணும் கிளியும் இடைமாணாக்கருக்கு. ஓட்டைக் குடமும் ஆடும் எருமையும், நெய் வடிகட்டும் நெய்யரியும் கடைமாணாக்கருக்கு. சொல்லிக்கொடுத்ததை உடனே திருப்பிச் சொல்லும் கிளி நடுவில்தான் நிற்கிறது. மேய்ந்ததை அமைதியாகப் படுத்து அசைபோடும் பசு அதற்கு மேலே நிற்கிறது. என் பழைய படிவத்தில் கிளிகளுக்கெல்லாம் ஐந்து, பசுக்களுக்கு இரண்டு.

நான் மகிழ்ந்துபோய்விடக் கூடாது என்றோ என்னவோ, நண்பர் அதே நூலிலிருந்து இன்னொன்றையும் சொன்னார். ஆசிரியர் சொல்வதை நன்றாக உள்வாங்கிக்கொண்டாலும் கிடைப்பது கால் பங்குதான். உடன் பயில்வோரோடு பழகுவதில் இன்னொரு கால் பங்கு வரும். மீதி அரைப் பங்கு பிறருக்கு எடுத்துச் சொல்லும்போதுதான் வரும். ஆக, அசைபோடும் பசுவையும் அப்படியே தொழுவத்தில் விட்டுவிடுவதற்கில்லை. எழுத்தறிவில் 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி மாநிலத்திலேயே முதலிடத்தில் நிற்கும் மாவட்டம் இது. எங்கள் பிள்ளைகளுக்கு எழுதவும் படிக்கவும் சொல்லித் தருவதில் வீடுகள் காட்டிய அக்கறையை, நாலு பேர் முன்னால் எடுத்துச் சொல்லப் பழக்குவதில் காட்டவில்லை.

மூத்த சக ஆசிரியர் ஒருவர் என்னிடம் நேராகவே கேட்டார்: "வேலைக்கு நேர்முகத் தேர்வுக்குப் போனால் அங்கேயும் துண்டுத்தாளா நீட்டுவான்?" நியாயமான கேள்வி. அதற்கு நான் தேடிக்கொண்ட பதில் இது: பேசக் கற்பிக்க வேண்டும் என்பதில் எனக்கு மறுப்பில்லை, கற்பிக்காததற்கு மதிப்பெண் குறைப்பதில்தான் மறுப்பு. எங்கள் ஊர்க் குளத்தில் நாங்கள் நீச்சல் பழகியபோது, இடுப்பில் வாழைத்தடியைக் கட்டித்தான் இறக்கிவிட்டார்கள். கட்டிவிடாமல் தள்ளிவிட்டு, மூழ்கியவனுக்கு இரண்டு மதிப்பெண் என்று கரையில் நின்று எழுதிக்கொண்டிருக்கவில்லை. திடீரென்று பெயர் சொல்லி எழுப்பி, பதில் வராவிட்டால் நிற்கவைப்பதைப் பயிற்சி என்று அழைப்பவர்கள் உண்டு. அது பயிற்சியல்ல, பயமுறுத்தல். அப்படி எழுப்பப்பட்ட பிள்ளைக்கு அந்தப் பத்து நிமிடத்தில் பொருளியல் எதுவும் ஏறாது. இதயம் அடித்துக்கொள்வதைக் கேட்பதற்கே காது போதாது.

இதற்கிடையில் ஒரு பருவம் நான் நேரெதிர்த் தவற்றையும் செய்தேன். வம்பே வேண்டாம் என்று எல்லோருக்கும் நான்கு போட்டேன். யாரும் குறை சொல்ல வரவில்லை, ஒருவனைத் தவிர. வகுப்பில் அதிகம் பேசுபவன் அவன். தயாரித்துக்கொண்டு வந்து பேசுபவன். "அப்படியானால் நான் பேசியதற்கு என்ன பொருள் சார்?" என்றான். கூச்சப்படுபவருக்கு நியாயம் செய்யப் போய், உழைத்துப் பேசியவனுக்கு அநியாயம் செய்திருந்தேன். பேசுபவர்கள் ஒரு வகுப்பின் சுமையைத் தூக்குகிறார்கள் என்பதையும் மறந்துவிடக் கூடாது. யாருமே பேசாத வகுப்பில் நின்று பார்த்தவர்களுக்கு அந்த அருமை தெரியும்.

இப்போது செய்வதைச் சொல்கிறேன். இதுதான் சரி என்ற பிடிவாதம் எனக்கில்லை. முதல் நாளே எவையெல்லாம் பங்கேற்பு என்று சொல்லிவிடுகிறேன்: வாயால் சொல்லும் பதில், கேட்கும் கேள்வி, துண்டுத்தாள், பக்கத்தில் இருப்பவரோடு இரண்டு நிமிடம் பேசி இருவரில் ஒருவர் சொல்வது. தனியே யோசித்து, இருவராகப் பேசி, பிறகு வகுப்புக்குச் சொல்வது என்ற இந்தக் கடைசி முறையை 1981இல் பிராங்க் லைமன் என்ற அமெரிக்கர் வகுத்தார். கூச்சமுள்ளவருக்கு இது பெரிய துணை, ஏனெனில் தவறு என்றால் அது இருவருடைய தவறு. பதில் சரியா தவறா என்பதற்குப் பங்கேற்பில் மதிப்பெண் இல்லை. அதற்குத்தான் தேர்வு இருக்கிறது. வகுப்பின் சிந்தனை ஓரடியாவது நகர்ந்ததா என்று மட்டும் பார்க்கிறேன். எத்தனை முறை கை தூக்கினார் என்று எண்ணுவதை அறவே விட்டுவிட்டேன்.

ஒவ்வொருவரும் ஒரு பருவத்தில் இருமுறையாவது வகுப்புக்குக் கேட்கும்படி பேச வேண்டும் என்ற நிபந்தனையும் உண்டு. எந்த நாள் என்பது ஒரு வாரம் முன்பே தெரியும். தாளைப் பார்த்துப் படிக்கலாம், இருந்த இடத்திலேயே இருந்து சொல்லலாம், முதல் முறை தோழரோடு சேர்ந்து நிற்கலாம். அவரவர் வீட்டுப் பேச்சில் சொல்லலாம். சிரிப்பவர் அடுத்த வாரம் பேச வேண்டும். ஓர்மை என்ற சொல் இப்போது எங்கள் வகுப்பில் தாராளமாகப் புழங்குகிறது, நாகர்கோவில் பிள்ளைகள் வாயிலும்.

எல்லாவற்றையும்விட முக்கியமானது ஒரு தாள். இருக்கை வரைபடத்தை நகலெடுத்து வைத்துக்கொண்டு, வகுப்பு முடிந்த அன்றைக்கே பெயருக்கு நேரே பென்சிலால் புள்ளி வைக்கிறேன். மூன்று நிமிட வேலை. இரண்டு வாரம் ஒரு வரிசையில் புள்ளியே விழவில்லை என்றால், அந்த வரிசைப் பக்கம் நான் நின்றே இருக்கவில்லை என்பது தெரிந்துவிடும். பருவத்தின் நடுவில் அந்தத் தாளை அவரவருக்குத் தனியே காட்டி, இதில் விட்டுப்போனது உண்டா என்று கேட்கிறேன். கடைசி நாளில் காட்டினால் அது அறிவிப்பு. நடுவில் காட்டினால்தான் திருத்த இடமிருக்கும்.

இந்தப் பருவத்தில் அப்படிக் காட்டியபோது, மூன்றாம் பெஞ்சுக்காரி ஒருத்தி தாளை வாங்கி வெகுநேரம் பார்த்தாள். பேருந்து பிடிக்க வேண்டுமே என்று எனக்கு அவசரம். பிறகு, எனக்கு மட்டும் கேட்கும் குரலில், "போன வியாழக்கிழமை வாடகை பற்றி நான் ஒரு கேள்வி கேட்டேன் சார், புள்ளி இல்லை" என்றாள். யோசித்துப் பார்த்தேன்; கேட்டிருந்தாள். அன்று மணி அடித்துவிட்டதால் பதிலை மறுநாள் சொல்வதாகச் சொல்லியிருந்தேன், மறுநாள் மறந்தும்போனேன். பென்சிலை அவளிடமே கொடுத்தேன். புள்ளியை வைத்துவிட்டு, "பதில் இன்னும் சொல்லவில்லை சார்" என்றாள்.